குடிதண்ணீரில் நுண் பிளாஸ்டிக்: நம் வீட்டுக் குடம் வரை வந்த கதை

இருபது லிட்டர் கேன் தண்ணீர் வண்டி வராத தெரு இன்று நம் ஊர்களில் அரிது. குழாயில் வருவதை நம்ப முடியவில்லை, போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, எனவே கேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சிறிய பாட்டில். கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கொரு பாட்டில். காசு கொடுத்து வாங்குவதால் அது சுத்தமானது என்று நாம் நம்புகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கடந்த சில ஆண்டுகளாக இதைப் பற்றி உலகம் முழுவதும் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. வாட்ஸ்அப்பிலும் பல செய்திகள் சுற்றுகின்றன. அவற்றில் எது உறுதியானது, எது மிகைப்படுத்தப்பட்டது, குழந்தைகள் உள்ள வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நுண் பிளாஸ்டிக் என்றால் என்ன?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான அளவுள்ள பிளாஸ்டிக் துண்டுகள் அனைத்தையும் நுண் பிளாஸ்டிக் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலானது. 5 மில்லிமீட்டர் துண்டு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். நம் கவலை அதைவிடச் சிறியவற்றைப் பற்றியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மைக்ரானுக்கும் கீழே போனால் அது நானோ பிளாஸ்டிக். சாதாரண நுண்ணோக்கியில்கூட அதைப் பார்ப்பது கடினம்.

பிளாஸ்டிக் மக்குவதில்லை, உடைகிறது. வெயிலில் கிடக்கும் கேரி பை முதலில் வெளிறும், பிறகு மொடமொடவென்று ஆகும், பிறகு கை பட்டாலே நொறுங்கும். அந்த நொறுங்கல் மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போகிறது. இது ஒரு வழி மட்டுமே. உடுத்துகிற துணி இன்னொரு வழி. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகளைத் துவைக்கும்போது நூலிழைகள் கழன்று வருகின்றன. அக்ரிலிக் துணியை ஆறு கிலோ அளவுக்கு ஒருமுறை மெஷினில் போட்டால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என்று பிளைமவுத் ஆய்வாளர்களே 2016இல் கணக்கிட்டார்கள். வாகன டயர் தேய்ந்து உதிரும் தூள் மூன்றாவது. கடலுக்குள் நேரடியாகத் துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணி சலவையிலிருந்தும், 28 சதவீதம் டயர் தேய்மானத்திலிருந்தும் வருவதாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. குப்பையைத் தெருவில் போடாத வீட்டிலிருந்தும் நுண் பிளாஸ்டிக் போகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நம் ஏரியும் கிணறும்

சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம், அதாவது புழல் ஏரியில் எடுத்த மாதிரிகளைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளியானது. ஏரித் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 5.9 துகள்கள், அடி மண்ணில் கிலோவுக்கு 27 துகள்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 38 சதவீதம் இழைகள். மீதி உடைந்த துண்டுகளும், கவர் போன்ற மெல்லிய படலங்களும், உருண்டைகளும். பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியவை அடையாளம் காணப்பட்டன. பை, கயிறு, மூடி, தெர்மகோல் என்று நாம் அன்றாடம் தொடும் பொருட்கள்தான் இந்த வகைகளில் செய்யப்படுகின்றன. கடலூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் அனுப்பும் வீராணம் ஏரியிலும் நுண் பிளாஸ்டிக் பதிவாகியுள்ளது.

ஏரியாவது திறந்த வெளி. நிலத்தடி நீர் மண்ணில் வடிகட்டித்தானே வருகிறது என்று கேட்கலாம். தூத்துக்குடி கடற்கரைப் பகுதியில் கிணற்று நீரையும் மேற்பரப்பு நீரையும் சோதித்தவர்கள் இரண்டிலுமே துகள்களைக் கண்டார்கள். அந்தத் துகள்களின் மேல் கன உலோகங்கள் ஒட்டியிருப்பதையும் கவனித்தார்கள். ஒரு துகள் தனியாக வருவதில்லை, வழியில் இருப்பதையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

உப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். டெல்லியிலுள்ள டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2024 ஆகஸ்டில் பத்து வகை உப்பையும் ஐந்து வகைச் சர்க்கரையையும் சோதித்து, எல்லாவற்றிலும் நுண் பிளாஸ்டிக் இருந்ததாக அறிவித்தது. உப்பில் கிலோவுக்கு 6.71 முதல் 89.15 துண்டுகள் வரை. ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் உப்பு சில கிராம்தான் என்பதால், உப்பைவிடத் தண்ணீரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பாட்டில் தண்ணீர் சுத்தமா?

2018இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்ரி மேசன் குழுவினர், இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் வாங்கிய 11 நிறுவனங்களின் 259 பாட்டில்களைச் சோதித்தார்கள். 93 சதவீத பாட்டில்களில் நுண் பிளாஸ்டிக் இருந்தது. 100 மைக்ரானுக்கு மேற்பட்டவை லிட்டருக்குச் சராசரியாக 10.4. அதே குழு அதற்கு முன் குழாய்த் தண்ணீரில் கண்டதைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிடைத்த துகள்களில் பாதிக்கு மேல் பாலிபுரோப்பிலீன். பாட்டில் மூடி செய்யப்படுவது அதில்தான். மூடியைத் திறக்கும்போதும் திருகி மூடும்போதும் உரசலில் துகள் உதிர்ந்து தண்ணீரில் விழுகிறது. அதாவது ஏரியிலிருந்து வந்தது பாதி, பொட்டலம் கட்டும்போது நாமே சேர்த்தது பாதி என்ற நிலைமை.

2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசர் உதவியோடு நானோ அளவுத் துகள்களையும் எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நிறுவனங்களின் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் துகள்கள் கிடைத்தன. அவற்றில் 90 சதவீதம் நானோ வகை. 10 துகள் எங்கே, 2 லட்சம் எங்கே என்று குழம்ப வேண்டாம். தண்ணீர் மோசமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சல்லடையின் கண் சிறியதானால் அதிகம் சிக்கும், அவ்வளவுதான். இன்னொரு செய்தி அந்த ஆய்வில் முக்கியமானது. கிடைத்தவற்றில் பாலிஅமைடு என்ற நைலான் வகை அதிகம். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஆர்.ஓ. சவ்விலிருந்தே அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம் கேன் தண்ணீர் இதைவிடக் கடினமான வாழ்க்கை வாழ்கிறது. ஒரே கேன் மாதக்கணக்கில் சுற்றுகிறது. திறந்த வண்டியில் வெயிலில் நிற்கிறது. உள்ளே தேய்த்துக் கழுவப்படுகிறது. உட்புறம் கீறல் விழுந்து மங்கலாகத் தெரியும் கேனை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம் உரிமை. கடைக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

உடலுக்கு என்ன செய்கிறது?

'வாரம் ஒரு ஏ.டி.எம். கார்டு அளவு பிளாஸ்டிக்கைச் சாப்பிடுகிறோம்' என்ற செய்தியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். 2019இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் உலக வனவுயிர் நிதியத்துக்காகச் செய்த மதிப்பீட்டிலிருந்து வந்தது அது. வாரத்துக்கு 5 கிராம் வரை என்பது அதன் கணக்கு. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2021இல் செய்த கணக்கில் ஒரு பெரியவர் வாரத்துக்கு உட்கொள்வது சுமார் 4 மைக்ரோகிராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு. எனவே அந்தப் பார்வர்டை இனிமேல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஆனால் துகள்கள் உடலுக்குள் போகின்றன என்பதை அலட்சியப்படுத்தவும் முடியாது. ரோம் நகரில் ஆறு பெண்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்ததில் நான்கில் நுண் பிளாஸ்டிக் இருந்தது. நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் தடயம் கிடைத்ததாக 2022இல் அறிவித்தார்கள். இரண்டும் சிறிய எண்ணிக்கை. மருத்துவர்களை அதிகம் யோசிக்க வைத்தது 2024 மார்ச்சில் வந்த இத்தாலிய ஆய்வு. கழுத்து இரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பை அறுவை சிகிச்சை செய்து எடுத்த 257 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் அடைப்பில் பாலித்தீன் இருந்தது. அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டும் சொல்கிறது. அதை அந்த ஆய்வாளர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் குடிநீரிலுள்ள நுண் பிளாஸ்டிக் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும் வாய்ப்பே அதிகம், மிகச் சிறியவை பற்றி மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் நிலை. இன்னொன்றையும் அது வலியுறுத்தியது. தண்ணீரில் உள்ள கிருமிகளே இன்றும் உயிரைப் பறிக்கும் முதல் ஆபத்து. பிளாஸ்டிக்குக்குப் பயந்து காய்ச்சாத, குளோரின் போடாத தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்து வயிற்றுப்போக்கை வரவழைப்பது எந்த வகையிலும் புத்திசாலித்தனம் ஆகாது.

ஒளு செய்யும் தண்ணீரைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துகள்கள் உடலுக்குள் போகும் முக்கிய வழிகள் வாயும் மூக்கும்தான், குடிப்பது, சாப்பிடுவது, தூசியாகச் சுவாசிப்பது. ஹவ்ளிலோ குழாயிலோ கை கால் கழுவுவதைப் பற்றிக் கவலைப்பட இதில் எதுவும் இல்லை.

சூடும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம்

வீட்டில் மாற்றக்கூடியது எது என்று கேட்டால், சூடான எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாமல் இருப்பதைத்தான் முதலில் சொல்வோம். குளிர்ந்த தண்ணீரில் உதிர்வதைவிடக் கொதிக்கும் நீரில் பல மடங்கு உதிர்கிறது.

அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பாலிபுரோப்பிலீன் பாட்டில்களைச் சோதித்தார்கள். பால் கலக்கும் வழக்கமான முறையில் லிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துகள்கள் வரை வெளியேறின. தண்ணீரின் சூடு 25 டிகிரியாக இருந்தபோது சுமார் ஆறு லட்சமாக இருந்த எண்ணிக்கை, 95 டிகிரியில் ஐந்தரைக் கோடியாக உயர்ந்தது. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். பாட்டிலைக் கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்குவதை நிறுத்தவும் வேண்டாம். அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழி எளிது. கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலை ஆறவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். பால் பவுடரைப் பாட்டிலில் கலக்காமல், எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் சுடுநீர் விட்டுக் கலக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியபின் பாட்டிலில் ஊற்ற வேண்டும். பாட்டிலைப் போட்டுக் குலுக்கக் கூடாது. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. கண்ணாடி பாட்டிலோ, பழைய பாலாடைச் சங்கோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. நம் உம்மம்மாமார் வெள்ளிச் சங்கில் புகட்டியதைப் பழைய பழக்கம் என்று நாம்தான் ஒதுக்கி வைத்தோம்.

தேநீர்க் கடையின் பேப்பர் கப் பேப்பரால் மட்டும் ஆனது அல்ல. உள்ளே ஒழுகாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வில், 85 முதல் 90 டிகிரி சூடுள்ள 100 மில்லி நீர் பதினைந்து நிமிடம் பேப்பர் கப்பில் இருந்தபோது சுமார் 25,000 நுண் துகள்கள் அதில் கலந்தன. கடையில் கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பது கௌரவக் குறைவு அல்ல. பார்சல் டீயைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்குவது இதைவிட மோசம்.

ரமலானில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க நிற்கும் பிள்ளைகளின் கையில் முன்பெல்லாம் தூக்குவாளி இருந்தது. இப்போது பல இடங்களில் கொதிக்கும் கஞ்சி நேராகக் கவருக்குள் போகிறது. தூக்கு கொண்டு வருபவர்களுக்கு மட்டுமே கஞ்சி என்று ஒரு ஜமாஅத் முடிவெடுத்தால், முதல் இரண்டு நாள் சலசலப்பு இருக்கும், மூன்றாம் நாள் எல்லோர் கையிலும் தூக்கு இருக்கும். சட்டமும் ஜமாஅத்தின் பக்கம்தான் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும், தண்ணீர் பாக்கெட்டும், கேரி பையும் அந்தப் பட்டியலில் அடக்கம். சின்ன தண்ணீர் பாட்டில் அதில் இல்லை. அதனால்தான் வலிமா விருந்துகளில் சஹனைச் சுற்றி ஆறு பாட்டில் நிற்கிறது. பாதி குடித்து விட்டுப் போன பாட்டில்கள் மண்டபத்துக்குப் பின்னால் குவிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எவர்சில்வர் ஜக்கும் டம்ளரும் வாடகைக்குக் கிடைக்காத ஊர் இருப்பதாகத் தெரியவில்லை.

காய்ச்சினால் போகுமா, வடிகட்டினால் போகுமா?

2024இல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நமக்குப் பயன்படும். தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியபின் வடிகட்டினால் நுண், நானோ பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி நீங்குகிறது. காரணம் சுண்ணாம்புச் சத்து. கடின நீரைக் காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவு உருவாகும்போது பிளாஸ்டிக் துகள்களையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 90 சதவீதம் வரை நீங்கியது. மென்மையான தண்ணீரில் 25 சதவீதம்தான். நம் போர் தண்ணீரின் வெள்ளைப் படிவைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் நமக்கு இது ஓர் ஆறுதல். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரையும் கேன் தண்ணீரையும் காய்ச்சினால் இந்தப் பலன் அதிகம் கிடைக்காது, அதில் சுண்ணாம்பு இல்லை. காய்ச்சுவது எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கட்டும். ஆறியபின் அடி கலங்காமல் எடுத்து, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் வடிகட்டலாம். நைலான் வலை வடிகட்டி வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரில் வரும் துகள்களைப் பெருமளவு தடுக்கும். ஆனால் அதன் உள் தொட்டியும் குழாய்களும் பிளாஸ்டிக். பில்டரை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் வேறு தொல்லைகளும் சேரும். தண்ணீரும் நிறைய வீணாகிறது. உப்பு அதிகமில்லாத ஊரில் ஆர்.ஓ. தேவையில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். வைத்திருப்பவர்கள் பிடித்த தண்ணீரை உடனே எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ ஊற்றி வைக்கலாம்.

வெண்டைக்காய், வெந்தயத்தின் கொழகொழப்பு நுண் பிளாஸ்டிக்கைத் திரட்டிப் படியச் செய்கிறது என்ற செய்தியும் சுற்றுகிறது. அமெரிக்காவின் டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது உண்மை. அது அந்தச் சாற்றைப் பொடியாக்கித் தண்ணீரில் சேர்த்துத் துகள்களைத் திரட்டிப் பிரித்தெடுப்பது பற்றியது. வீட்டுக் குடத்தில் நாலு வெண்டைக்காயை நறுக்கிப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரையே குடிப்பதற்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியக் குடிநீர்த் தரக் குறியீட்டில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, கிருமிகள் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. நுண் பிளாஸ்டிக்குக்கு வரம்பு கிடையாது. எனவே 'எங்கள் தண்ணீரில் நுண் பிளாஸ்டிக் இல்லை, அரசு சான்று பெற்றது' என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தச் சான்று எதைச் சோதித்தது என்று கேளுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2018இலேயே குடிநீரில் நுண் பிளாஸ்டிக்கைச் சோதிக்கச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொதுவான அளவீட்டு முறையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. லக்னோவிலுள்ள நச்சுயியல் ஆராய்ச்சி நிறுவனம், கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், பிலானி பிட்ஸ் ஆகியவை அதில் பங்கேற்கின்றன. உணவில் இந்தத் துகள்களை அளப்பதற்கான முறையை உருவாக்குவதே அதன் முதல் வேலை. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் பாட்டில், கேன் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பிரிவில் சேர்த்தது. இதனால் அந்த ஆலைகள் ஆண்டுதோறும் வெளியாரின் தணிக்கைக்கு உட்பட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வரும் கேனின் மேல் நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண், நிரப்பிய தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாத கேன் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பதை விநியோகிப்பவரிடம் கேட்கலாம். பதில் வரவில்லையென்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தனி ஆளாகக் கொடுப்பதைவிட முஹல்லாவில் பத்து வீடுகள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனு வேகமாக நகரும்.